இருவரும் ‘இல்லை’ என்று குறித்த பாதம்

எனக்குச் சிவப்பு தெரியாது. அதை மறைத்துக்கொண்டு, சிவப்பைக் கண்டுபிடிக்கும் வேலையில் உட்கார்ந்தேன். இன்னொருத்தி குறித்ததைப் பார்த்துக் குறித்தேன். ஒரு பெண்ணின் கால் கட்டைவிரல் போயிற்று.

இதுதான் என் குற்றம். இனி வருவதெல்லாம் விளக்கம்… விளக்கத்தால் எதுவும் குறையாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீங்கள் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தால் என்னைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். ஏரி எந்த நாள் நிரம்பியது, தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது, எல்லாம் என் நாட்குறிப்புகளில் இருக்கும். ஆண்டுவாரியாக அட்டை போட்டு அடுக்கியிருக்கிறேன். “சார் சொன்னா சரியா இருக்கும்” என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா!

இருபத்தொரு வயதில் ரயில்வே வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவன் யோசிக்காமல் சொன்னான். எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. வீட்டில், ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். பிறகு ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். அங்கே நிறம் தேவைப்படவில்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. நான் வாங்கிவரும் தக்காளியில் பாதி காயாக இருப்பதற்கு என் அலட்சியமே காரணம் என்று இன்றுவரை நம்புகிறாள்.

மாடியில் குடியிருக்கும் நித்யா ஆராய்ச்சி மாணவி. படங்களைப் பார்த்துப் பிரித்தறியக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது அவள் ஆராய்ச்சி. சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்கால் படத்தில், புண் வருவதற்கு முன்பே தோன்றும் சிவப்பை அது அடையாளம் காண வேண்டும். ஆனால் முதலில் மனிதர்கள் படம் படமாக “இருக்கிறது”, “இல்லை” என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்ளும்.

“அங்கிள், எல்லாப் படத்தையும் பாக்க டாக்டருக்கு டைம் இல்ல. ஒரே படத்த ரெண்டு பேர் தனித்தனியா பாப்பீங்க. ஒருத்தர் இருக்குன்னு சொல்லி இன்னொருத்தர் இல்லன்னா மட்டும் டாக்டர்கிட்ட போகும். ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அதான் ஃபைனல்.”

“இன்னொருத்தர் யாரும்மா?”

“ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு, அனகாபுத்தூர்ல இருந்து வரா. உங்க பொறுமை இந்தத் தெருவுல யாருக்கும் வராது அங்கிள்.” படியேறப் போனவள் நின்று கேட்டாள். “கலர் எல்லாம் நல்லா தெரியும்ல?”

“தெரியாம என்னம்மா!”

அந்த ஒரு வரிதான்! அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “புதன். நித்யாவின் வேலையை ஏற்றேன். மாலை தூறல்.” தூறலைக்கூட விடாமல் எழுதியவன், பொய்யை விட்டுவிட்டேன்.

அவை இலவச முகாம்களில் எடுத்த படங்கள். சிவப்பு உண்டு என்று முடிவானவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதை நித்யா முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆகவே, விளையாட்டாகச் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது.

முதல் படத்தைத் திறந்தேன். எல்லாம் ஒரே மண்ணின் நிறம். பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். பழைய புள்ளி அட்டையே திரையில் வந்து நிற்பதுபோல் இருந்தது… அப்போதுதான் விடைகளைக் குறிக்க நித்யா கொடுத்த கணினி ஷீட்டின் தலைப்பைக் கவனித்தேன். பி பத்தி, அடுத்து டி பத்தி. நடுவில் சி எங்கே? பதிவேடுகளோடு வாழ்ந்தவன் கண்ணுக்கு அது தப்புமா? ஸ்டெல்லாவின் விடைகள் அதில் இருந்தன. நித்யா அதைப் பூட்டவில்லை, சும்மா மறைத்து வைத்திருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

விரித்துப் பார்த்தேன். அப்படியே குறித்தேன். சந்தேகம் வராமலிருக்க, ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு படங்களுக்கு மட்டும் வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். எந்த இரண்டு? கை போன இடம்!

நாவலூரில் நடந்த ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தில், எங்கள் இருவரின் விடைகளும் அவ்வளவு ஒத்துப்போவதை எல்லோரும் பாராட்டினார்களாம். நித்யா இனிப்போடு வந்தாள். நான் சாப்பிட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. சானடோரியம் முகாமின் படங்கள். சி பத்தி முழுவதும் “இல்லை”, “இல்லை”, “இல்லை”… ஒரு முகாமில் ஒருவருக்குக்கூடவா இருக்காது? எனக்கு உறைத்தது. சத்தியமாக உறைத்தது! ஆனால் நித்யாவிடம் கேட்டால், ஸ்டெல்லா குறித்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அதற்குப் பயந்தேன். வழக்கம்போல் இரண்டை மட்டும் மாற்றினேன். ஒன்று நூற்றுப் பதினைந்தாம் படம்.

சானடோரியம் ரயில் நிலையப் படிக்கட்டருகே பூ விற்கும் கன்னியம்மா சில மாதங்கள் கழித்துக் காணாமல் போனாள். திரும்பி வந்தபோது வலது பாதத்தில் கட்டு.

“இன்னா சார் பண்றது, கட்டைவெரல எடுத்துட்டாங்கோ. இங்கயே கேம்ப்ல படம் புடிச்சாங்களே, எதுனா இருந்தா போன் வரும்னாங்கோ. வர்ல. சரி, நாம நல்லாதான் கீறோம்னு இருந்துட்டேன். என் மேலதான் தப்பு சார், செருப்பில்லாம சுத்திகினு இருந்தேன்.”

சுருக்குப் பையிலிருந்து முகாம் சீட்டை எடுத்துக் காட்டினாள். நூற்றுப் பதினேழு. படத்தின் எண்ணும் அதுதான்.

இரண்டு வரிசை… என் விரல் இரண்டு வரிசை கீழே இறங்கியிருந்தால், அந்தப் படம் மருத்துவரிடம் போயிருக்கும்!

நித்யாவிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்கிறீர்கள்? கன்னியம்மாவின் விரல் போனதையும் சீட்டு எண்ணையும் மட்டும் சொன்னேன்.

அவள் ஸ்டெல்லாவையும் வரவழைத்துப் படத்தைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். “மங்கலா இருக்கு. எனக்கு லேசா டவுட்டாதான் இருக்கு. ஆனா ரெண்டு பேர் தனித்தனியா பாத்து இல்லன்னு போட்டிருக்கீங்களே. அப்போ கேம்புக்கு அப்புறம்தான் வந்திருக்கணும்.”

மூடிவிட்டாள்! நான் இருந்ததால் மூடிவிட்டாள். என் ‘இல்லை’ அந்தப் பத்தியில் நின்று சாட்சி சொன்னது.

வாசல் கேட் வரை நடந்த ஸ்டெல்லா திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அந்தப் படமெல்லாம் வந்த அன்னிக்கு அம்மாக்கு மூச்சு திணறி ஆஸ்பத்திரில சேர்த்துட்டு, பஸ்ல நின்னுகினே போன்ல குத்துனேன் சார். ஒழுங்கா பாத்தனான்னு எனக்கே தெரில. அக்கா கூப்டதும் அந்தப் படமாதான் இருக்கும்னு பயந்துகினே வந்தேன். நல்ல வேளை, நீங்களும் இல்லன்னு போட்டிருந்தீங்க. இல்லாட்டி செத்தே போயிருப்பேன் சார்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் நிம்மதி போய்விடுமே என்று தயங்கினேன்… பாருங்கள், கோழைத்தனத்துக்கு எவ்வளவு நல்ல சட்டை மாட்டிவிட்டேன்!

அடுத்த மாதம் அனகாபுத்தூர் முகாமில் கணினியே முடிவு சொல்லப்போகிறது. எங்கள் இருவரின் விடைகளைப் படித்து வளர்ந்த கணினி. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாப் படங்களையும் வேறு யாராவது மறுபடி பார்ப்பார்கள். நித்யாவின் இரண்டு வருட உழைப்பு கலையும். “சார் சொன்னா சரியா இருக்கும்” என்பதும் கலையும். எதற்காக வாய் திறக்கவில்லை என்று என்னையே கேட்கிறேன். முதலாவதற்காக என்று சொல்ல ஆசை… உண்மை இரண்டாவது.

நான் படம் பார்க்கும் வேலை செய்தவன் என்று கன்னியம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து, நான் பூ வாங்கப் போகும்போதெல்லாம் இடது பாதத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்.

“நீங்கதான் கரீட்டா பாப்பீங்களாமே. சொல்லு சார், எங்கனா செவந்துகீதா?”

“டாக்டர்கிட்ட காட்டும்மா.”

“அங்க போனா ஒரு நாள் பொழப்பு பூடும் சார். நீயே பாத்து சொல்லேன்.”

இன்றும் கேட்டாள். கூடைப் பக்கத்தில் குனிந்து, ரயில் ஒன்று வந்து போகும்வரை பார்த்தேன். வெடிப்புகள் தெரிந்தன. ஒட்டியிருந்த ஓர் இலைத் துணுக்கு தெரிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.