இடது கைக்கு ஒதுக்கிய விசைகள்

அலுவலகத்தில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. காலை மேடம், மதிய மேடம், அவ்வளவுதான். இருவரும் அக்கா தங்கை. கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு வரிக்கு வரி டைப் அடிப்பது வேலை. ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரே பாஸ்வேர்டு. ஒன்றரை மணிக்கு அக்கா எழுந்ததும் அதே நாற்காலியில் தங்கை உட்காருவாள். அதன் சூடுகூட ஆறியிருக்காது.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். பதிவை நிறுத்த, பின்னால் இழுக்க, மறுபடி ஓட விட, எல்லாவற்றுக்கும் இடது ஓரத்து விசைகளில் ஷார்ட்கட் வைத்திருந்தாள். பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. தங்கைக்கோ அது தீராத தலைவலி. எதையோ அழுத்தப் போக, வேறு எதுவோ நடக்கும்.

"எல்லாத்தையும் உன் வசதிக்கே வச்சுக்கிட்டா நான் எங்க போறது?" என்று அடிக்கடி சண்டை.

ஒருநாள் இப்படித் தவறான விசை பட்டு, அவசர வேலை பாதியில் மூடிக்கொண்டது. தங்கை நேரே செட்டிங்ஸுக்குப் போய், 'அனைத்தையும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான்.

மறுநாள் அக்கா வாயே திறக்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. ஒன்றரைக்கு எழுந்து, முகத்தைப் பார்க்காமல் போனாள். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழவே இல்லை.

அக்கா போனதும் தங்கைக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. மூன்று மாதம் கழித்து, படியில் வழுக்கி, நிஜமாகவே ஒடிந்தது. வலது கை. முழங்கை வரை மாவுக்கட்டு.

"ஒரு கையால முடியுமாம்மா? சாயங்காலத்துக்குள்ள இது முடியலன்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும்," என்றார் மேலாளர். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இடது கைக்கு ஷார்ட்கட் வேண்டும். தான் அழித்த அதே ஷார்ட்கட்டுகள். செட்டிங்ஸைத் திறந்தாள். பட்டியல் அவள் விட்டபடி காலியாகத்தான் இருந்தது. நினைவிலிருந்த முதல் விசையை, கன்ட்ரோல், ஆல்ட்டோடு க்யூவை, அழுத்தினாள்.

'இந்த விசை ஏற்கெனவே "நிறுத்த" என்பதற்கு உள்ளது. மாற்றவா?'

பட்டியலை மறுபடி பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அடுத்த விசையை அழுத்தினாள். 'ஏற்கெனவே "பின்னால போக" என்பதற்கு உள்ளது. மாற்றவா?'

கம்ப்யூட்டர் கோளாறுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அக்கா ஒருநாளும் தொடாத எஃப் ஒன்பதை அழுத்திப் பார்த்தாள்.

'ஏற்கெனவே "வலது கை ஆறுற வரைக்கும்" என்பதற்கு உள்ளது. மாற்றவா?'

அப்போதுதான் உறைத்தது. காலையில் இப்போது யாரும் வருவதில்லை. ஆனால் அவள் வந்து உட்கார்ந்தபோதே நாற்காலி சூடாக இருந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை.

"மன்னிச்சிடுக்கா," என்றாள் திரையைப் பார்த்து. 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். பிறகு பதிவை ஓடவிட்டு, க்யூவை அழுத்திப் பார்த்தாள். சமர்த்தாக நின்றது. சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தது.

ஆறு வாரமும் அப்படியே ஓடியது. தினமும் வந்ததும் எஃப் ஒன்பதைக் கேட்பாள். அதே பதில் வரும். அதைப் பார்த்தபிறகுதான் வேலை. பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

கட்டைப் பிரிக்க வந்த டாக்டரிடம், "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே," என்று கெஞ்சினாள்.

"நல்லா ஆறிடுச்சும்மா, எதுக்கு?" என்று சிரித்தார் அவர்.

அன்று ஒன்றரைக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்காலி சில்லென்று இருந்தது. செட்டிங்ஸைத் திறந்து எஃப் ஒன்பதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எந்த மறுப்பும் சொல்லாமல் அந்த விசையை அவளுக்கே கொடுத்துவிட்டது.