கனகாம்பாள் மாமியின் மழைப் படம்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் கனகாம்பாள் மாமியிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. காய்கறி வண்டிச் சேட்டன்கூட அவள் வாசலை மட்டும் குரல் கொடுக்காமல் கடந்து போவார்.

மாமிக்கு அறுபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. களமசேரியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான். ஆனால் பள்ளியில் படித்தது மலையாளம், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. வாசித்துக் காட்ட அண்ணன் வெங்கிட்டு மாமா இருந்தார், கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் படித்தவர். போன கர்க்கடக மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மாமி சண்டைக்குக்கூட வெளியே வரவில்லை. எங்களுக்கே பாவமாக இருந்தது.

ஒரு மத்தியானம் பழைய சிறுவர் பத்திரிகைக் கட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். அடடா, என்ன படங்கள்! ராஜாவின் மீசையை ஒவ்வொரு முடியாக வரைந்திருந்தார்கள். ஒரு பக்கத்தில், கோட்டை வாசலில் மழையில் நிற்கிறாள் ஒரு சிறுமி. மழை முழுக்கச் சாய்ந்த கோடுகள். பாவாடையின் சிவப்பு அச்சில் விலகி மழைக்குள் கசிந்திருந்தது. பிழைதான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இந்தக் கதையை ஒரு தடவை வாசிடி மாதுரி. அண்ணா போனப்புறம் கேக்கவே இல்லை. எனக்கு எழுத்து ஒண்ணும் அறியாது.”

நான் கோயம்புத்தூர்க்காரி, தமிழ் வாசிக்கத் தெரிந்த பவிசு வேறு. கணீரென்று வாசித்தேன். சிறுமி வழி தவறி வந்தவள். காவல்காரன் கதவைத் திறக்கவில்லை. விடியும்வரை நின்றுவிட்டு ஊருக்கு நடந்தாள். அவ்வளவுதான் கதை.

“ஏய், ஒரு பக்கம் விட்டுட்டே. அவ அண்ணா குடையோட வருவானே?”

இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். “இதுல அண்ணனே இல்லையே மாமி” என்றேன்.

“போடி! அண்ணா வரிமேல விரல் வெச்சுண்டுதானே வாசிப்பான்!” என்று பாய்ந்தாள். பாய்ந்தவள் அப்படியே அடங்கிப் படத்தைப் பார்த்தாள்.

‘ஆமாம் மாமி, ஒரு பக்கம் விட்டுவிட்டேன்’ என்று ஒரு பொய் சொன்னால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? பாழாய்ப்போன புத்தி, அந்த நேரத்தில் வரவில்லை.

மாமி அந்தச் சிறுமியின்மேல் விரலை வைத்தாள்.

“அப்போ, தனியாவா ஆத்துக்குப் போனா?”