வண்டிக்குக் கால் கழுவியவன்

எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. டீ வந்தால் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். பஸ் நிற்பதற்குள் படியில் இறங்கி நிற்பேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு பிக்கப் வண்டியும் குமுளி மலையும் சிக்கினால் என்ன ஆகும் என்று அந்த வண்டியின் முன்சக்கரங்களைக் கேட்டால் தெரியும்.

கைக்கு செல்போன் வந்த புதிது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் செட்டில் பாரம் ஏற்றிக்கொண்டு மலையேறி கோட்டயம் போவோம். திரும்பும்போது இஞ்சியோ மரவள்ளிக்கிழங்கோ பாரமாக ஏற்றி இறங்குவோம். ஒரு நடை நான், ஒரு நடை என் மனைவியின் தம்பி. அவனுக்கு என் சுபாவத்துக்கு நேர் எதிரான உடம்பு. மலை இறங்கியதும் லோயர் கேம்பில் வண்டியை ஓரம் கட்டி, புளியமரத்தடியில் துண்டை விரித்து அரைமணி நேரம் படுத்துவிடுவான். போன் அடித்தால், "வண்டி சூடா இருக்கு மாமா, செத்த ஆறட்டும்" என்பான். "வண்டி சூடா, உனக்குத் தூக்கமா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவான்.

நான் இறங்கினால் அங்கே இரண்டு நிமிடம்தான். பவர்ஹவுஸிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடும். பிரேக் வாடை குப்பென்று அடிக்கும் முன்சக்கரங்களில் ஆளுக்கு ஒரு வாளி ஊற்றுவேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். வெளியே போய் வந்தால் நாம் வாசலில் கால் கழுவுவதில்லையா? எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலரும் வண்டிக்கு அப்படித்தான் செய்வார்கள். ஆவி அடங்குவதற்குள் கூடலூர் தாண்டியிருப்பேன்.

ஒருநாள் கூடலூர் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் இடமும் வலமும் நடுங்கியது, பெடல் என் காலைத் திருப்பித் திருப்பித் தள்ளியது. காலை எடுத்தால் ஒன்றுமில்லை. முன் டயர்களைப் பின்னால் மாற்றினேன், வீல் பேலன்ஸ் பார்த்தேன், எதற்கும் கேட்கவில்லை. கம்பத்து மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் கோணியிருக்கிறது என்றார். சக்கரத்தோடு சுற்றும் கனத்த இரும்புத் தட்டு அது. இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். தட்டு மயிரிழை கோணினாலும் பிடி ஒரே மாதிரி விழாது. லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவிப் போட்டோம். நடுக்கம் போனது. இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது.

மலையிறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் டிஸ்க் காய்ந்து கோணும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. நேராகத் திராட்சை செட்டுக்குப் போனேன். மச்சினன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லோடுமேன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"ஏலே, டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டு பிரேக்கை நசுக்கிட்டு வாரியா? தூங்குறதுக்குத்தான் வண்டியா? வண்டி ஓட்டத் தெரியாதவன் மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான?"

அவன் கயிற்றை முடிந்தான். முடிச்சைச் சரிபார்த்தான். "நான் ரெண்டாவது கியர்லதான் மாமா இறங்குவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே வருசநாட்டில் யாருடைய ஜீப்பையோ ஓட்டச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

வைகாசியில் என் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் மனைவி அடுப்படியில் இருந்தே சொன்னாள்: "தாய்மாமன் மடி இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். வேற யாரு மடியில வேணாலும் உக்கார வைக்கலாம்னு நெனச்சீகன்னா, நீங்களே தனியா குத்திக்கங்க." மகளுக்கு நாலு வயது. மாமா எப்ப வருவாக என்று தினமும் கேட்டாள். நான் தப்பைச் சுட்டிக்காட்டியவன், நானா இறங்கிப் போவது என்று வீம்பாக இருந்தேன். ஆனாலும் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டுதான் கிடந்தேன்.

டிஸ்க்கை இன்னொரு முறை சீவிப் போட்டு எல்லா நடையும் நானே ஓட்டினேன். ஆறாவது வாரம், உத்தமபாளையம் தாண்டி பிரேக் பிடித்தேன். ஸ்டீயரிங் ஆடியது. வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஓரம் கட்டி இறங்கினேன். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன். ஏறினேன், இறங்கினேன். பாரத்தை இறக்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேனிக்கு விட்டேன்.

அங்கே ஒரு மெக்கானிக், என் வயதுதான் இருக்கும், வாயில் பாக்கு. சக்கரத்தைக் கழற்றினார். கோணலை அளக்கும் டயல் கேஜைப் பொருத்தி டிஸ்க்கைக் கையால் சுற்றினார். முள் ஒரு சுற்றுக்கு ஒருமுறை எழும்பி இறங்கியது. டார்ச் அடித்துக் காட்டினார், டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகள். அவ்வளவு சூடு ஏறியிருக்கிறது. இரண்டு முறை சீவியதில் தட்டு மெலிந்துவிட்டது, இனிச் சீவ முடியாது, புதுசுதான் என்றார்.

நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "மலை இறங்குனதும் என்ன செய்வீக?" என்று கேட்டார்.

"கால் கழுவி விடுவேன்" என்றேன்.

அவர் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். "காய்ஞ்ச தோசைக்கல்லுல ஒரு ஓரமாத் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்? தண்ணி பட்ட எடம் சட்டுனு சுருங்கும். பேட் மறைச்ச எடம் சூடாவே இருக்கும். கோணாம என்ன செய்யும்? அரைமணி நேரம் சும்மா நிப்பாட்டுனா தானா ஆறிரும். வேற ஒண்ணும் வேணாம்."

காது இரண்டும் சுட்டது. அந்தச் சோம்பேறி புளியமரத்தடியில் படுத்திருந்த அரைமணி நேரம்தான் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் ஊற்றிய வாளிகளுக்கு அவனைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மெக்கானிக் துருவைத் தேய்த்து, புது டிஸ்க்கும் பேடும் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி முடிக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே வருசநாடு போனேன். மச்சினன் ஜீப் ஸ்டாண்டில் இருந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தப்பு என்னுது மாப்ள, காதுகுத்துக்கு வந்துரு என்றேன்.

அவன் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "என்னையப் பேசுனது இங்கனயா மாமா? செட்டுல, நாலு பேரு முன்னால. அங்கன சொன்னீகளா?"

சொல்லவில்லை. வண்டி ஒரே நாளில் சரியானது. இதைச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. தினமும் செட்டுக்குப் போவேன், வாயைத் திறப்பேன், பெட்டியை எண்ணச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். காதுகுத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அதே லோடுமேன்கள் முன்னால் நின்று, கோளாறு பண்ணியது நான்தான், அவன் ஒழுங்காகத்தான் ஓட்டினான் என்றேன். "வண்டிக்குக் காலு கழுவுனீகளா? பொட்டு வைக்கலையா?" என்று ஒருவர் கேட்க, செட்டே சிரித்தது. கோபம் மண்டைக்கு ஏறியது, விழுங்கினேன். சேதி அன்றைக்கே வருசநாடு போய்ச் சேர்ந்துவிட்டது.

மச்சினன் புது வேட்டியில், தட்டு நிறையச் சீரோடு வந்தான். மகள் அவன் மடியில் உட்கார்ந்து, ஊசி படும் முன்பே ஊரைக் கூட்டினாள். ஆசாரியை நான் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்ட, மச்சினன் ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இருங்க மாமா, அவ மூச்சு விடட்டும்" என்றான். அவள் தேம்பி முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் ஆசாரிக்குத் தலையாட்டினான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்திக்கு வந்த வேன் ஒன்று உள்ளே நுழைய முடியாமல் நின்றது. வாசலில் என் பிக்கப் வழியை மறித்திருந்தது. நான் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன். வண்டியை நகர்த்த மட்டும் நான் அதைக் கொடுக்கவில்லை, பழையபடி ஓட்ட வரச்சொல்லித்தான் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிக்கொண்டான். வண்டி தெருமுனை வரை வேகமாகப் போனது, பிரேக் பிடித்தது, திரும்பி வந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினான். சீட்டுக்கு அடியில் கிடந்த தன் பழைய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆட்டம் இல்ல மாமா, நீங்களே ஓட்டுங்க" என்றான். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் பந்திக்குப் போனான்.