நான் திருத்திய படக்கதை

"சனி, பகல் இரண்டரைக் காட்சி, கண்டி. ஆங்கிலப் படம். கதாநாயகன் பொலிஸ்காரன். அவன் மனைவியையும் பிள்ளையையும் ஒரு கும்பல் நடுவீதியில் மோட்டார் சைக்கிளால் மோதுகிறது. இருவரும் மரணம். பழிவாங்கல்."

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள பதிவு இது. தமிழர்களுக்கு எதிரான எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். அப்போது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தேன். பார்த்த படம், காட்சி நேரம், பஸ் வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன்.

படத்துக்கு என்னோடு வந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த நண்பர். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் டவுனுக்குப் போகவே பயந்த காலம். யாராவது படம் பார்த்து வந்தால், ஞாயிறு பின்னேரம், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பரா வாசலில் எல்லோருக்கும் கதை சொல்ல வேண்டும். சொல்வது எப்போதும் அவர்தான். தியேட்டரில் ஆங்கில வசனங்களை அவர் காதில் தமிழில் சொன்னவன் நான். ஆனாலும் "மாஸ்டர், நீங்க சொல்லுங்க" என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றும் அவர் வாயாலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டினார். பெட்ரோலுக்கு அடித்துக்கொள்ளும் ஊர், சட்டம் இல்லாத நெடுஞ்சாலை, கறுப்புக் கார் என்று ஒவ்வொன்றாகக் கண் முன்னே கொண்டுவந்தார். நான் கதை சொன்னால் கொட்டாவி விடும் என் மனைவி, முன்வரிசையில் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சிட்டா..." என்றார் நண்பர்.

நான் எழுந்து புத்தகத்தைப் பிரித்தேன். "பொய்! ரெண்டு பேரும் செத்துட்டாங்க."

"அட, மாஸ்டர் இங்கயும் பரீட்சை வைக்கிறாரு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் விடாமல் பதிவைச் சத்தமாக வாசித்தேன்.

ஓரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். அவர் கணவர் லொறி கிளீனர். கலவர வாரத்தில் மாத்தளை வீதியில் அவர் போன லொறியை எரித்துவிட்டார்கள். கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு தகவலே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயுமா பொழைக்கல, மாஸ்டர்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பொழைக்கல" என்றேன், வென்றவன் குரலில்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நண்பர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு வந்து ஒக்காந்தத பாத்துத்தான் மாத்திச் சொன்னேன். ஒங்களுக்குக் கண்ணு நோட்டுலதான் இருக்கு."

அடுத்த ஞாயிறு நண்பர் வரவில்லை. "நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்றார்கள். நான் ஏங்கிய இடம் அதுதான். ஆனால் புத்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அதே படத்தை வீடியோவில் பார்த்தேன். பிள்ளை இறந்துவிடுகிறது. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; அவள் இறந்தாள் என்று படம் எங்கும் சொல்லவில்லை. "இருவரும் மரணம்" என்பது நானாக எழுதியது.

அந்தப் பெண் பிற்பாடு உறவினரோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். கணவர் திரும்பி வந்தார் என்று பக்கத்து ஊரான ஹேவாஹெட்டவில் ஒருவர் சொன்னார். வரவில்லை என்றார் இன்னொருவர். இரண்டையும் என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. யாராவது கேட்டால், வந்ததாகக் கேள்வி என்றுதான் இப்போது சொல்கிறேன்.