ஊருக்காகச் சண்டை போட்டவர்கள்

என் மாமனாரும் மாமியாரும் ஊருக்காகச் சண்டை போட்டவர்கள். ரத்த தானம், கண் தானம் மாதிரி இவர்களுடையது சண்டை தானம். இப்போது இருவரும் இல்லை. யாராவது அவர்களைப் பற்றிக் கேட்டால் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பார்கள். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை.

மாமாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, கிரீஸ் கையோடு இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்க்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. கிணறு மாதிரி ஆழமான அந்த இடத்தில் எல்லா மாடிப் பேச்சும் வந்து விழும். எந்த வீட்டில் யார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, யார் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ராட்சத மெஷின்கள் உறுமுகிற இடம். பக்கத்தில் நிற்பவளிடம் மணி கேட்பதற்குக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். காது ஒருவருக்கு, தொண்டை ஒருவருக்கு. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

முதல் சண்டை நிஜச் சண்டைதான். மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போக வேண்டிய நாளில் மாமா எங்கோ ஒரு நாலாவது மாடியில் லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அத்தை அங்கேயே தேடிப்போய்ப் பிடித்துவிட்டார். இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த லிஃப்டுக்கு எதிர் வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அன்று காலையிலிருந்து பெரிய தகராறு. அந்த அம்மாள் பெட்டியோடு வாசல்வரை வந்துவிட்டார். வெளியே இந்தக் கூச்சலைக் கேட்டதும் இருவரும் ஓடி வந்தார்கள். கடைக்காரர் மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மாள் அத்தையைத் தன் பெட்டிமேலேயே உட்கார வைத்து முதுகைத் தடவினார். டீ போட்டுக் கொடுத்து இவர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டு, "பாவம், என்ன ஜென்மங்களோ. நம்மளை மாதிரியா எல்லாரும் இருப்பாங்க," என்று கடைக்காரர் தன் மனைவியிடம் சொன்னது, படியிறங்கிக்கொண்டிருந்த மாமா காதில் விழுந்தது.

அடுத்த வாரம் மாமா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அத்தையிடம் சொன்னார்.

"ஆறாவது மாடி. காதால கேக்கச் சகிக்கல. ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா?"

"இரு, தலை வாரிக்கிறேன்," என்றார் அத்தை.

இப்படித்தான் சேவை ஆரம்பித்தது. சண்டைக்கு ஒரு விஷயம் வேண்டுமே, அதற்குத் தோதாக ஒரு குடை இருந்தது. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் விட்டு வந்த குடை. யார் விட்டது என்பதுதான் வழக்கு. அந்தக் குடையை வைத்து எத்தனை குடும்பங்களை ஒட்டவைத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் பலித்தது, அதுதான் வேடிக்கை. நடிப்பு என்று தெரிந்தாலும், நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தும்போது எழுந்துபோய் விலக்காமல் இருக்க மனிதப் பிறவியால் முடியாது. பிறகு ஜனங்கள் போன் போட்டே கூப்பிட ஆரம்பித்தார்கள். "அக்கா, சாயங்காலம் சும்மா இருக்கீங்களா? எங்க வீட்டுக்கு வந்து கொஞ்சம் கத்திட்டுப் போங்களேன்."

சொந்தக் குடும்பத்துக்கு மட்டும் சலுகை உண்டா என்ன. நான் மருமகளாக வந்த புதிதில், ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டதற்காக என் கணவரோடு பேசாமல் இருந்தேன். சத்தமே போடாத வீட்டில் வளர்ந்தவள் நான். திடீரென்று பெரியவர்கள் இரண்டு பேரும் என் சமையலறையில் நின்றுகொண்டு குடைக்காக ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்தார்கள். நான் அத்தையை ஓர் அறைக்கும் என் கணவர் மாமாவை இன்னோர் அறைக்கும் கூட்டிப்போய் ஆறுதல் சொன்னோம். வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அத்தை டீயைக் குடித்துவிட்டு, குழாய் ரிப்பேர் முடித்தவர் மாதிரி "சரி, நாங்க கிளம்பறோம்" என்றார். விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாமா ஓய்வு பெற்றதும் இருவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருநாள் மாமா படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் குழாய் ஏறக்குறைய முழுதும் அடைத்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் எந்த நிமிஷமும் எதுவும் நடக்கலாம் என்றார் டாக்டர். மாமா பிடி கொடுக்கவில்லை.

"நானும் எத்தனையோ மெஷினைத் திறந்து மூடியிருக்கேன். மூடினப்புறம் எப்பவும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கும். நெஞ்சைத் திறந்து மூடறப்ப மிச்சமானா யாரைப் போய்க் கேக்கறது?" என்றார்.

அத்தை சண்டையைத் தொடங்கினார். கூடத்தின் நடுவில் நின்று, "நீங்க ஆஸ்பத்திரிக்கு வரீங்களா இல்லையா," என்று ஆரம்பித்தால் கட்டடமே அதிரும். மாமா நாற்காலியில் சாய்ந்தபடி ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணி கழித்து வாசல்மணி அடித்தது. கீழ் வீட்டுப் புதுஜோடி, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று நாளாகியிருந்ததாம், இப்போது சமாதானமாகிவிட்டார்களாம், நன்றி சொல்ல வந்தார்களாம்.

"உங்களுக்காக இல்லம்மா. இவர் ஆபரேஷனுக்கு வரமாட்டேங்கறார்," என்றார் அத்தை.

"ஆபரேஷனா? புதுசா இருக்கே ஆன்ட்டி. குடையைவிட இது நல்லா இருக்கு," என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் அத்தை அழுதுகொண்டே கத்தினார். மேல்மாடிக்காரர், தாய் வீட்டுக்குப் போயிருந்த மனைவியைப் போய் அழைத்து வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் தட்டை விட்டெறிந்தார். பாகம் பிரிக்க இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அந்த வாரம் முடிவதற்குள் கட்டடம் முழுக்க ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது. மாமாவின் ரத்தக்குழாய் மட்டும் அடைத்தபடியே இருந்தது.

"'பேரன் பேத்தியைப் பாக்க வேணாமா'ன்னு சொன்ன பாரு, அந்த இடத்துல குரல் இன்னும் கொஞ்சம் ஏறலாம்," என்று மாமா யோசனை வேறு சொன்னார். நிஜமாகவே விளங்காமல் சொன்னாரா, விளங்கித்தான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாரா, எனக்கு இன்றும் தெரியாது.

அன்று சமையலறையில் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எல்லா வார்த்தையையும் ஊருக்குக் குடுத்துட்டேன்டி. எனக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வெச்சுக்கல." இந்த மனுஷியைக் கூட்டம் கூடிக் கைதட்டியே கொன்றுவிடுவார்கள் என்று பயந்துபோனேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. போனை எடுத்துப் பழைய ஜோடிகள் அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். நீங்கள் எங்கள் வீட்டில் சண்டை போடுங்கள், ஒருவர் ஆபரேஷன் வேண்டும் என்க, ஒருவர் வேண்டாம் என்க, சத்தம் தாங்காமல் மாமாவே எழுந்து வந்து சமாதானம் பேசுவார், அப்போது வாக்கு வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். எல்லாரும் குழந்தை குட்டியோடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் சண்டை வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்து, "நீ சொல்றது சுத்தத் தப்பு," என்றார். உடனே, "தப்புன்னு இல்ல, எனக்கு அப்படித் தோணுது," என்றார். "இல்லைங்க, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் அந்த அம்மாள். இன்னொருவர் மனைவியை மூதேவி என்று திட்டிவிட்டு, கண் கலங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். மாமாவுக்கு ஒரே உற்சாகம். எழுந்து நின்று பாடம் எடுக்கவே தொடங்கிவிட்டார். "ஆளைப் பாத்துக் கத்தாதப்பா, சிரிப்பு வந்துடும். சுவத்தைப் பாத்துக் கத்து." கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓரமாகக் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்த அத்தை ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் மாமா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றார் அத்தை. அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. "நீங்க இல்லாம இருக்கணுமேன்னு பயமா இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எந்த வீட்டுக்கு?" என்று மாமா கேட்டார். பாதிக் குரல்தான் வந்தது.

"நம்ம வீட்டுக்குங்க."

மாமா மெதுவாக நடந்துபோய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். இவர்கள் இருவரும் பேசாமல் இருந்து பார்த்ததே இல்லை என்பதால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் டீ போட எழுந்தார்கள். உட்காருங்கள் என்று அதட்டினேன்.

"எனக்கும்தான் பயமா இருக்கு," என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டர் எப்ப வரச் சொன்னாரு?"

"போன வாரமே," என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார் மாமா. அவ்வளவு காலமும் அவர்கள் ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை, எங்கள் வீட்டிலும் சரி, எவர் வீட்டிலும் சரி. பால்கனியில் ஆளுக்குப் பாதிப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன பேச்சென்று கிட்டப் போனாலும் கேட்காது. இதற்கிடையில் கட்டடம் நாறிப்போனது. கீழ் வீட்டு ஜோடி வக்கீலைப் பார்க்கப் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் நேரில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் இப்படி ஒத்துமையா இருந்தா எங்க கதி என்ன?"

அத்தை மாமாவின் கையிலிருந்து பேப்பரை வாங்கி மடித்து வைத்தார்.

"அதுக்கு நாங்க என்னப்பா பண்றது," என்றார். "எங்களுக்கு நேரமில்ல."