நாகரத்தினத்தின் மொட்டையும் என் மொட்டையும்

பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது எங்கள் வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் வீட்டுக்காரர், அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்த கன்னையன், பூக்கார முனியம்மா. எதிர் வீட்டு சரோஜா தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் இல்லை.

"உங்க ஓரகத்தி காலையில தவறிட்டாங்கம்மா. பொண்ணு வீட்லதான். உடனே வரச் சொன்னாங்க" என்றார் கண்டக்டர். அதே பஸ் திரும்பும்போது ஏறினோம். வீட்டுக்காரர் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் வந்தார். நாகரத்தினம் இருந்திருந்தால் அடுத்த கிருத்திகை வரைக்கும் அதைச் சொல்லியே சிரித்திருப்பாள்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே அடுப்படியில் இருந்தோம். மார்பில் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். பிறகு மாதாமாதம் ரயிலேறிப் போய் ஊசி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். டாக்டர் கீமோதெரபி என்றார். மருந்து சிவப்பாக இருந்ததால் நாங்கள் சிவப்பு ஊசி என்றோம். ஊசி போட்டுக்கொண்டு வந்தால் நாலு நாள் வாந்தி. தாளிக்கிற வாசனை ஆகாது. அவளுக்காக எங்கள் வீட்டில் எல்லோரும் தாளிக்காத குழம்பு தின்றோம். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாக்கா, புளிக்குப் பதிலா துருப்புடிச்ச ஆணியப் போட்டு கொதிக்க வெச்சியா?" என்பாள். மருந்தினால் வாய் அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். முனியம்மாவை வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் மகள் விஜயாவுக்குப் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டிலிருந்து வரன் வந்தது. நல்ல பையன், குடிக்காதவன். ஆனால் தாய்க்கு கேன்சர் என்று தெரிந்தால் மகளை யாரும் கட்டமாட்டார்கள். அது ஒட்டுகிற நோய் என்றே பாதி ஊர் நம்பிய காலம். விஜயா அழுதாள். கொழுந்தன் அவளுக்கு மேல் அழுதார். நாகரத்தினம்தான், "ஏன் அழுவுறீங்க? நாம இன்னா வேற ஊர்லயா இருக்கோம்?" என்று சொல்லிவிட்டு மலையேறிப் போய், மிச்சமிருந்த முடியை முருகனுக்குக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்தாள்.

திருத்தணியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? கேட்டால், "என்ன வேண்டுதல்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். அவள் ஆளுக்கொரு பதில் சொன்னாள். காய்க்காரியிடம் காணாமல் போன கறவை மாடு. தபால்காரரிடம் புருஷனின் மூலநோய். கொழுந்தன் இரண்டு வாரம் தபாலாபீஸ் பக்கமே போகவில்லை.

பெண் பார்க்க வந்தபோது பையனின் தாய் கனகவல்லி அந்தத் தலையைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இந்த சம்பந்தம் அமையணும்னு வேண்டிக்கினா" என்றேன். கனகவல்லி உருகிப்போனாள். நாகரத்தினம் அவளை அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். காபி கொண்டுவர இவ்வளவு நேரமா என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நிச்சயதார்த்தம் நாலு மாதம் கழித்து. ஊசி நிற்கவில்லை, முடி எங்கே முளைக்கும்? புருவமும் போய் மையால் வரைந்துகொண்டிருந்தாள். "என் தலை மட்டும் இன்னும் இப்டியே இருந்தா கேப்பாங்களேக்கா" என்றாள் முந்தின நாள். விடியற்காலையில் மலைக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி எனக்கு. இதை இந்தத் தெருவில் யாரும் மறுக்க முடியாது. இறக்கிவிட்டு வந்தேன். நாகரத்தினம் என் தலையைத் தடவிப் பார்த்து, "இவ்ளோ கோணல் மண்டையா உனக்கு? இத்தினி வருஷம் கொண்டை மறைச்சிகினு இருந்திச்சே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததால் என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயத்தில் கனகவல்லி எங்கள் இரண்டு தலையையும் பார்த்து, "உங்களுக்கு இன்னாங்க வேண்டுதல், சம்பந்தி?" என்றாள். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயமானால் தாயும் பெரியம்மாவும் மொட்டை போடுவது பரம்பரை வழக்கம் என்று முருகன் மேல் ஆணையிட்டுச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்வலி என்று நினைத்து கிராம்பு கொடுத்தேன்.

கல்யாணம் நடந்தது. முடியும் முளைத்தது. பேரனைத் தூக்கிக் கொஞ்சினாள். பிறகுதான் நோவு திரும்பி வந்தது.

பள்ளிப்பட்டில் அவளை எடுத்துக்கொண்டு போனபின் குளித்துவிட்டு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். கனகவல்லி என் பக்கத்தில் வந்து அழுதபடி சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அடுப்படில வெச்சு எல்லாத்தையும் சொல்ட்டாங்க சம்பந்தி. மறைச்சு குடுத்தா நாளைக்கு எம்பொண்ணுதான் பேச்சு கேக்கணும், இஷ்டம்னா எடுங்க, இல்லாட்டி காபி குடிச்சிட்டு போங்கன்னாங்க. அப்டிப்பட்டவங்க வீட்டுப் பொண்ண விடுவனா?"

"அப்ப என்கிட்ட ஏன் கேட்டீங்க, இன்னா வேண்டுதல்னு?"

"அவங்கதான் கேக்க சொன்னாங்க. 'எங்கக்கா பொய் சொல்றத கேட்டாத்தான் எனக்கு அந்த நாலு நாள் வாந்தி தாங்குது. தெரிஞ்சாப்ல காட்டிக்காதீங்க'ன்னாங்க."

என் முடி மறுபடி வளர்ந்தது. ஆனால் தோளைத் தாண்டவில்லை. அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குட்டைப் பின்னல்தான். காலையில் அதைச் சீவும்போது கொஞ்ச நேரம் அழுகிறேன். பிறகு திட்டுகிறேன். கனகவல்லியை மன்னித்தாயிற்று, சொன்ன வாக்கைக் காப்பாற்றியவள். பொய்யாணைக்கு முருகனும் என்னை மன்னித்திருப்பான், முடியை வாங்கிக்கொண்டானே. வராமலே வந்தேன் என்கிற சரோஜாவைக்கூட வயசானால் மன்னிப்பேன்.

நாகரத்தினத்தை மாட்டேன்.