தண்டவாள மணியும் அஞ்சலையின் குழவியும்

நெருப்பைக் காவல் காப்பவனுக்கு நெருப்பினால் வரும் தொல்லை சொற்பம். அவன் காப்பாற்ற நினைக்கும் மனிதர்களால் வருவதே அதிகம். ஊர் நன்மைக்காகக் குரல் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்கள் இதனை நான் விவரிக்காமலே உணர்வார்கள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய இரண்டாம் வருஷம் தொடங்கி நான்கு கோடைகள், வீராம்பட்டினத்தை அடுத்த ஒரு சவுக்குத் தோப்பில் காவலனாக இருந்தேன். சாரத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன். தோப்புக்குக் கிழக்கே கீற்று வேய்ந்த முப்பது மீனவர் குடிசைகள். அவற்றுக்கு அப்பால் கடல். காய்ந்த சவுக்குச் சருகில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். ஆகையால் குத்தகைக்காரர் ஒரு தண்டவாளத் துண்டை மரத்தில் தொங்கவிட்டு எனக்கு இரு கடமைகளை விதித்தார்: புகை கண்டால் அதை அடிக்க வேண்டும், அடித்தவுடன் எடுத்துக்கொண்டு ஓட வீட்டுக்கொரு மூட்டை வாசலருகே தயாராக இருக்கச் செய்ய வேண்டும்.

மூட்டைப் பரிசோதனை

சித்திரை பிறந்ததும் வீடுவீடாகச் சென்று மூட்டைகளை அவிழ்த்துப் பார்ப்பேன். துணி, அரிசி, பத்திரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது என் உத்தரவு. மீன் விற்கும் அஞ்சலையின் மூட்டையைத் தூக்கியபோது என் தோள்பட்டை இறங்கிவிட்டது. உள்ளே ஒரு புடவையும் அம்மிக் குழவியும் இருந்தன. "கல்லை நெருப்பு என்னம்மா செய்துவிடும்?" என்று கேட்டேன்.

அஞ்சலை மூட்டையைத் திரும்பக் கட்டியபடியே சொன்னாள்: "நெருப்பு ஒண்ணும் செய்யாது காவக்காரரே. நான் அந்தாண்ட ஓடுனா, பக்கத்து வூட்டு நாத்தனா இந்தாண்ட வந்து எடுத்துக்குவா."

ஓய்வுபெற்ற சிப்பாய்

அக்குப்பத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பிரெஞ்சில் சிப்பாய் எனப் பொருள்படும் சொல்தா என்றே அழைப்பர்; அவர் பதிலுக்கு எல்லோரையும் முசே, அதாவது ஐயா, என்பார். அவரிடம் மூட்டையே இல்லை. ஆபத்தின் தன்மையை அவருக்கு ஒரு நாழிகை நேரம் எடுத்துரைத்தேன். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டார்.

"சைகோன்ல குண்டு வுழுந்தப்பவே நான் சாப்ட்டு முடிச்சிட்டுதான் எழுந்தேன், முசே. உன் சவுக்குச் சருகுக்கா பாதியில எழுந்திருப்பேன்?"

ஒத்திகை

ஒருநாள் முன்னறிவிப்போடு மணி அடித்து ஒத்திகை நடத்தினேன். வடக்கே கோயில் திடலில் அனைவரும் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. பெண்கள் வந்தார்கள், கோழிகள்கூட வந்தன. ஆண் ஒருவரையும் காணோம். அவர்கள் வலைகளை முதலில் காப்பாற்ற எண்ணிக் கட்டுமரங்களில் ஏற்றி, கட்டுமரங்களைக் கடலில் தள்ளி, தாங்களும் ஏறிப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பிவந்தவர்களில் ஒருவர் என் கையில் நான்கு சங்கரா மீன்களைத் திணித்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியில எறங்கிட்டோம், சும்மா திரும்ப மனசு வரல."

என் பிழை

மூன்றாம் கோடையில் மேற்கே புகை எழக் கண்டு பலங்கொண்ட மட்டும் மணியை அடித்தேன். குப்பமே திடலுக்கு ஓடிற்று. புகையோ, தோப்புக்கு அப்பால் புதிதாகக் கிளிஞ்சல் சுட ஆரம்பித்த சுண்ணாம்புக் காளவாயினுடையது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அடுப்பில் விட்டுவந்த குழம்பையெல்லாம் நாய்கள் முடித்திருந்தன.

அன்று யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அஞ்சலை மட்டும் காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்: "இனிமே நீ அடி. யார்னா ஒருத்தர் போயி பார்த்துட்டு வந்து சொன்னப்புறம் நாங்க ஓடறோம்."

மேல்காற்றில் சருகுத் தீ எவ்வளவு வேகமாக வரும் என்பதை அறிந்தவன் நான். பார்த்துவரப் போகிறவர் திரும்பி வரமாட்டார்; காத்திருப்பவர்களும் மிஞ்சமாட்டார்கள். அச்சொல் ஒரு வருஷம் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

குழவித் திருட்டு

மறு வருஷம் ஆனி மாதம், பிற்பகல். காற்று அனலாக வீசியது. இம்முறை புகைக்கு அடியில் சுவாலை தெரிந்தது. கை மரத்துப்போகும் வரை அடித்தேன். ஒரே ஒருவர் தலையை நீட்டி, "காளவாதான்" என்று உள்ளே சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

நாற்பது மரத் தொலைவில் தீ. அப்போது எனக்கு அந்த யோசனை எப்படித் தோன்றிற்று என்று இன்றும் அறியேன். அஞ்சலையின் வாசலுக்கு ஓடினேன், மூட்டையை அவிழ்த்தேன், அவள் கண்ணெதிரே குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு திடலை நோக்கி ஓட்டம் பிடித்தேன்.

"ஐயோ, என் குழவிய தூக்கினு போறான்" என்று அவள் பின்னால் வந்தாள். குழவி தனக்குச் சேர வேண்டியது என்று நாத்தனார் வந்தாள். சண்டை பார்க்க மற்ற வீடுகளெல்லாம் காலியாயின. பாதி வழியில் திரும்பிப் பார்த்தவர்கள் தீயைக் கண்டார்கள். அதன்பின் யாருக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்தாவும் வந்தார், கையில் தட்டுடன், சாப்பிட்டுக்கொண்டே.

ஏழு குடிசைகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. போன ஏழில் ஒன்று அஞ்சலையுடையது. தணிந்த பின் சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். சூட்டில் அம்மி இரண்டாக வெடித்துக் கிடந்தது. நான் குழவியை அவள் காலடியில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். அவள் அதைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வெறுங் குழவிய வெச்சி நான் எத்த அரைக்கிறது? அடுத்த தபா ரெண்டையும் தூக்கு."

நான்கு கோடை மணியடித்து நான் கண்ட ஞானம் இவ்வளவே: ஒரு குப்பத்தைக் காப்பாற்ற விரும்புகிறவன் நல்ல குரலை நம்புவதைவிட, முதலில் எதைத் திருடலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது உத்தமம்.